பெயர்ப் பட்டியலில் இல்லாத பஞ்சாலை

பஞ்சாலை என் தங்கையின் பெயர். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தாள். இதை நான் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசியாவில் லுக்குட் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்தத் தோட்டத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு நாள்கூட அவள் பெயர் ஏறவில்லை.

அவள் கணவர் குணாளன் நீளக் கம்பில் பூட்டிய அரிவாளால் குலை வெட்டுவார். வெட்டிய மட்டையை இழுத்து அடுக்குவதும், குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரம் சேர்ப்பதும், புல்லுக்குள் சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும் பஞ்சாலை. காலை ஏழு மணிக்குக் குனிந்தால் மதியம் இரண்டுக்குத்தான் நிமிர்வாள். "இவ பொறுக்குன எடத்துல கோழிக்குக்கூட ஒன்னும் கெடைக்காது" என்பார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். எனக்கு அது பெருமையாக இருந்தது. இன்றும் பெருமைதான்.

ஆனால் எடை மொத்தமும் குணாளன் பெயரில்தான் போகும். சேர்த்துப் போட்டால் அவருக்கு மேல்கூலி கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பஞ்சாலை தாமதமாக வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. என்னிடம் கேட்டபோது நானும் நல்லது என்றேன். அது தவறு. ஆனால் அந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் அதிகம் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாதா? ஒரு பெயருக்கு மட்டும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தா கட்டி, இரண்டு பேர் முதுகை வளைத்துக்கொண்டது.

போன ஆண்டு மார்ச் மாதம், இழுத்த மட்டை திரும்பி அதன் முள் பஞ்சாலையின் வலது கண்ணில் பாய்ந்தது. மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தாள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. வேலையில் அடிபட்டவர்களுக்கான சொக்சோ உதவிக்கு மனுப் போட்டோம். முதலாளி சந்தா கட்டாவிட்டாலும், வேலை செய்ததற்கு ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். சம்பளச் சீட்டு இல்லை. நியமனக் கடிதமும் இல்லை.

லுக்குட்டில் உதவி மனுக்களை நிரப்பித் தரும் நட்டாலி என்ற பெண் வேறு வழி சொன்னாள். "ஆன்டி, ஏழைங்களுக்கு மாசாமாசம் தர்ற உதவிக்குப் போடலாம். வேலைங்கிற எடத்துல சூரி ரூமான்னு எழுதிடுங்க. ஈஸிலா."

"சூரி ரூமான்னா வீட்டோட இருக்கிறவதானே?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"ஆமா. ஆனா அப்படி எழுதிட்டா சொக்சோ கேஸ் நிக்காது ஆன்டி. வீட்டுல இருந்தவங்களுக்கு எப்படி வேலையில அடிபடும்னு கேப்பாங்க."

பஞ்சாலை பேனாவை மூடினாள். "வீட்டுல இருந்திருந்தா கண்ணு ரெண்டும் இருந்திருக்கும்மா."

மறுநாள் நானும் பஞ்சாலையும் குணாளனும் தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கணக்கு எழுதும் கிராணி வீரமுத்து எங்களுக்குத் தெரிந்தவர். நாற்காலி இழுத்துப் போட்டார். பஞ்சாலை வேலை செய்தாள் என்று கடிதம்தான் தரவில்லை.

"நீங்க வேலை செஞ்சது எனக்குத் தெரியாதாக்கா? புருசனுக்குத் தொணையா வந்தவங்கன்னுதான் எழுத முடியும்ங்கிறாரு மேனேஜர்."

"தொணைக்கு வந்தவளையா மண்டோரு ஒரு உதிரி விட்டாலும் அந்தக் கத்து கத்துனாரு?" என்றாள் பஞ்சாலை. "இந்த மனுசன ஒரு நாளு திட்டியிருப்பாரா?"

"நான் அண்ணாந்து மரத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். திட்டுனாலும் காதுல விழாது" என்றார் குணாளன்.

வீரமுத்துவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு சமாதானம் சொல்ல வந்தார். "கவலைப்படாதீங்கக்கா. அண்ணன் தனியா கஷ்டப்படல. உங்க எடத்துக்குப் பங்களாதேஷ் ஆளு ஒருத்தரப் போட்டாச்சு."

"அவரு பேரு பட்டியல்ல இருக்கா?"

"இருக்கு. பெர்மிட் ஆளு, பேரு இல்லாம வைக்க முடியாதுலா."

"சொக்சோ?"

"கட்டுறோம்."

"என்ன வேலைக்கு?"

"உதிரி பொறுக்க, மட்டை அடுக்க..." வீரமுத்து நிறுத்திவிட்டார்.

"எனக்கு எடமே இல்லேங்கிறீங்க. அப்ப யாரு எடத்துல தம்பி அவரப் போட்டீங்க?"

அந்தத் தொழிலாளிமீது எனக்குக் கோபம் இல்லை. அவர் பெயரை எழுதியதுதான் முறை. ஆனால் அதே வரிசையில் அதே சாக்கோடு குனிந்தவள் பெயரை எழுத ஏன் யாருக்கும் கை வரவில்லை? மனைவி என்றால் கூலியில்லா ஆள் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"இப்பச் சொன்னதையே எழுதிக் குடுங்க" என்றாள் பஞ்சாலை. "பஞ்சாலை செஞ்ச வேலைய இன்ன தேதியிலேருந்து இன்னாரு செய்யிறாருன்னு. பொய் ஒன்னும் கேக்கல."

வீரமுத்து எழுதினார். தோட்டத்து முத்திரையான சாப்பு குத்தவில்லை. அது மேனேஜர் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை எண்ணையும் சேர்த்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அந்தக் கடிதத்தை இணைத்து மறுபடி மனுக் கொடுத்தோம். நட்டாலியிடம் இருந்த மாத உதவிப் படிவத்திலும் பஞ்சாலை 'தோட்டத் தொழிலாளி' என்றே எழுதி அனுப்பினாள். ஐந்து மாதம் ஆகிறது. இரண்டுக்கும் பதில் இல்லை. சொக்சோ விசாரணைக்கு ஆள் வருவார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"வர்றவரு கால்ல நல்ல சப்பாத்தா போட்டுக்கிட்டு வரட்டும்க்கா" என்கிறாள் பஞ்சாலை. "ஒரு சாக்கு பொறுக்கிப் பாத்துட்டு, இது வீட்டு வேலையா, என்னா வேலைன்னு அவரே எழுதட்டும்."