வேன் ஆன்டியின் நெஞ்சு

பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்குக் காய்ச்சல் வரலாம், கால் சுளுக்கலாம், ஆனால் காலையில் வாசலில் ஹாரன் அடிக்க மட்டும் தவறக்கூடாது.

மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில், எங்கள் தாமான் குடியிருப்பில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘வேன் ஆன்டி’ என்றால் தெரியும். கணவர் காலமான பிறகு எனக்குச் சோறு போட்டதும் அந்த வேன்தான், படுக்கையை விட்டு எழ வைத்ததும் அந்த வேன்தான். அதனால் நெஞ்சில் கோளாறு என்று தெரிந்த நாளிலிருந்து பார்த்த டாக்டரையெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன்: மறுபடியும் வேன் ஓட்டலாமா? மடியில் மாத்திரைப் பையை வைத்துக்கொண்டு, நம்பர் எப்போது வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போன சக நெஞ்சுவலிக்காரர்களே, என் கதையையும் கேளுங்கள்.

ஆங்கின்

ஒரு மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். பிறகு இடது கை மரத்துப்போனது. ஏர்கோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகெல்லாம் நனைந்துவிட்டது. சாலையோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

இந்த ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ஆங்கின், அதாவது வாயு. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே வியாதி அதுதான். நானும் அதையே நம்பினேன். மறுநாள், பள்ளி வாசலில் என் வேனுக்குப் பக்கத்தில் தன் வேனை நிறுத்தும் மாரி, சட்டைப் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நீட்டி வைத்தியமும் சொன்னார்.

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆங்கின்தான். நல்லா ஒரு ஏப்பம் விடுங்க லா, சரியாயிரும்.”

ஓடும் பட்டை

ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. கிளினிக்கில் இசிஜி எடுத்த டாக்டர் முகத்தைச் சுளித்து, கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டார்கள். கம்பியை நான் ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். பட்டை கொஞ்சம் மேடேறியதும் தாடையில் அதே வலி. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று மெஷினை நிறுத்தினார், இரண்டு பேர் ஓடிவந்து என்னைப் படுக்க வைத்தார்கள்.

நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைத்தார்கள். “வேனை வெயில்ல நிறுத்தியிருக்கேன், பிள்ளைங்கள எடுக்கப் போகணும்” என்றேன். அங்கிருந்த தாதி நம் தமிழ்ப் பெண். என் தோளை அழுத்திப் பிடித்திருந்தவள் கையை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

“இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டா ஆன்டி பிள்ளைங்கள ஏத்துனீங்க?”

அன்பான விசாரிப்பு

அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகளை மாரி ஏற்றிக்கொண்டார். சாயங்காலம் ஷாலினியின் அம்மா போன் செய்தார். ஷாலினி தினமும் தாமதமாக வந்து மொத்த வேனையும் காக்கவைக்கும் பிள்ளை. அம்மா முதலில் அழுதார், கோயிலில் அர்ச்சனை செய்வதாகச் சொன்னார், அவருடைய மாமாவும் இப்படித்தான் திடீரென்று போனார் என்று ஆறுதலும் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நமக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

“ஒடம்ப பாத்துக்கோங்க ஆன்டி. ம்ம்… நாளைக்கு வேன் வருமா வராதா?”

வாழையிலை

ஆஞ்சியோகிராம் எடுக்கக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். பைபாஸ் என்று நெஞ்சைப் பிளந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு சீன டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். இருதயத்துக்குப் போகும் மூன்று இரத்தக் குழாயிலும் அடைப்பு. குழாய் முழுக்கச் சன்னமாகிவிட்டதால் ஸ்டென்ட் வைக்க வழியில்லை, பைபாஸ் செய்தாலும் ஒட்டுப்போட நல்ல இடம் இல்லை, மாத்திரைதான். வெட்டுவார்கள் என்று பயந்தவள், வெட்ட மாட்டார்கள் என்று கேட்டதும்தான் உண்மையாகவே நடுங்கிப்போனேன். வேன் ஓட்டலாமா என்றதற்கு, கிள்ளானில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்குப் போக பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து ரயில் ஏறவேண்டும். பசிக்கவில்லை, ஆனாலும் மாத்திரை போடவேண்டுமே என்று ஒரு கடையில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, பிறகு என் கண்ணீரும் விழ ஆரம்பித்து நிற்கவே இல்லை. பரிமாறிய பையன் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன் போலிருந்தது. வாளியோடு நின்று என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து காதோடு கெஞ்சினான்.

“சாப்பாட்டுல கொறை இருந்தா சொல்லுங்கக்கா, வேற வைக்கிறேன். அழுவாதீங்க, மொதலாளி என்னையத்தான் கேப்பாரு.”

ரேஹாட் தெருஸ்

கிள்ளான் மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் மலாய் டாக்டர். வேன் ஓட்டலாமா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “ஆன்டி ரேஹாட் தெருஸ் யா” என்றார்.

ரேஹாட் என்றால் ஓய்வு. ஆனால் பள்ளி வாசலில் காலம் தள்ளியவளுக்கு ரேஹாட் என்றால் மணியடித்ததும் பிள்ளைகள் நாசி லெமாக் தின்றுவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகிற இடைவேளை. தெருஸ் என்றால் எங்களுக்கு நேராகப் போ, இல்லாவிட்டால் உடனே. ஆக, உடனே ஓர் இடைவேளை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். பள்ளி விடுமுறை முடிந்ததும் வருகிறேன் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தினமும் வேனைத் துடைத்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். என்னைவிட மாரிக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

“சீக்கிரம் வாங்கக்கா. ஒங்க பிள்ளைங்களயும் சேத்து ரெண்டு ட்ரிப்பு அடிக்கிறேன், இடுப்பு போச்சு லா.”

இடைவேளை முடிந்தது

பள்ளி வேன் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். அதே டாக்டரிடம் போய் நின்றேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை. அன்றைக்கே சொன்னேனே ஆன்டி என்றார். ரேஹாட்தானே சொன்னீர்கள், எடுத்தாகிவிட்டது என்றேன். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தெருஸ் என்றால் ‘செலாமா-லாமாஞா’ என்றார். என்றென்றைக்கும். வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது உங்கள் இருதயம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கோபப்படலாம் என்று பார்த்தேன், ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி நான் வரமாட்டேன் என்று குரூப்பில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பலமுறை அழித்தேன். அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் மளமளவென்று வந்தன. பிறகு ஷாலினியின் அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“டேக் கேர் ஆன்டி. குரூப் அட்மின மாரி அங்கிளுக்கு மாத்தி விட்டுருங்க, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது.”

ஆக, சக நெஞ்சுவலிக்காரர்களே, என் இருதயம் மாத்திரையின் புண்ணியத்தில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை.