கன்னித்திட்டில் நனையாத கால்

தீபத்துக்கு மறுநாள் காலை திருவண்ணாமலையில் பஸ் பிடிப்பதும், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிப்பதும் ஒன்றுதான். வெட்கம் பார்த்தால் பட்டினி. எண்பத்து மூன்றாம் வருஷக் கூட்டத்தில் நானும் வெட்கத்தை விட்டு, ஜன்னல் வழியே துண்டை வீசி ஒரு சீட்டைப் பிடித்தேன். கீழ்பென்னாத்தூருக்கு டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். பத்து மைல் சொச்சம்.

தீபம் பார்க்க வந்தவனுக்கு அங்கே என்ன வேலை? கரீம் பாய்தான் காரணம். மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். சென்னைக்குச் சரக்கு கொண்டுவரும்போது எனக்குப் பழக்கம். அவர் ஊர் ஏரி நடுவே கன்னித்திட்டு என்றொரு தீவு. அதில் ஒரு முழ உயரக் கருங்கல் கன்னியம்மா. வெள்ளம் வருஷா வருஷம் திட்டைக் கரைத்துக்கொண்டே வந்தது. வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, தீவைக் காப்பாற்ற அரசாங்கப் பணம் வாங்கிவிட்டார் பாய். "வந்து பாருங்க சார், மகாபலிபுரம் தோத்துடும்!" என்று கடிதத்துக்குக் கடிதம் அழைப்பு.

எட்டரைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பாய் மொபெட்டோடு நின்றிருந்தார். முகத்தில் மட்டும் மகாபலிபுரத்தைக் காணோம். ஒரு மைல் போனதும் ஏரியின் கலங்கல் வந்தது. நிரம்பிய ஏரி தன் கல்வாசலைத் தாண்டி வழிந்து, ஓடையில் நுரைத்துப் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஏரி வழியுதே பாய்! ஊருக்கு யோகம்தான்."

அவர் வண்டியைக் கரைமேல் ஏற்றினார். மறுபக்கம் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரைக்குக் கீழே நாற்றங்கால்கள் மஞ்சள் பூத்துக் கிடந்தன. நிலம் வெடித்திருந்தது. இத்தனை தண்ணீருக்கு இருபது அடி தள்ளி!

ஒரு நாற்றங்கால் நடுவே நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். பச்சையம்மா என்று பாய் சொன்னார். அரைக் காணி நிலம், மூன்று பிள்ளைகள்.

"தண்ணி அந்தாண்ட வழியுது, நாத்து இந்தாண்ட காயுது. நல்லா பாத்துக்குனு போங்க சார்" என்றாள்.

"மதகைத் திறக்க வேண்டியதுதானே?" என்றேன் பாயிடம்.

"ஏரித் தண்ணி கன்னியம்மா காலை நனைச்சாத்தான் மதகு தொறக்கறது சார். நனையலன்னா அந்த வருஷம் நெல்லு கிடையாது, மல்லாட்டைதான். எங்க ஜனம், அவங்க ஜனம் எல்லாருக்கும் அதான் கணக்கு. தண்ணிக்குனு ஒரு சண்டை வந்தது கிடையாது."

"இப்போது என்ன?"

பாய் வண்டியை நிறுத்தினார். "திட்டுல மேடை கட்டறப்போ ஊரே கூடி, 'ஆத்தா தண்ணியில நிக்கிறாளே, இடுப்பு ஒசரத்துக்கு ஏத்தி வைங்க'னு நாங்கதான் கேட்டோம். ஏத்திட்டாங்க. இனிமே ஏரி எவ்ளோ ரொம்பினாலும் கலங்கல்ல வழிஞ்சிடும். அவ காலுக்கு வராது."

"ஒருத்தருக்குமா தோன்றவில்லை?"

"தோணலியே சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினால் தீர்ந்தது, இதற்கா ஊரே விழிக்கிறது? பகல் பதினொன்றுக்கு லாரி ட்யூபில் பலகை கட்டிய தெப்பத்தில் திட்டுக்குப் போனதும், பூசாரி ஏழுமலையிடம் அதையே கேட்டேன்.

"அது அபிஷேகம் சார். ஏரி தானா வந்து நனைக்கணும். நாம ஊத்திட்டு நாமளே தொறந்தா யாரை ஏமாத்தறது?"

திட்டு அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் கல் பதித்த கரை, இரும்புக் கம்பி வேலி, சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்று ஒரு பலகை. நடுவே மேடைமேல், மேஜைக்குப் பின்னால் அமர்ந்த தாசில்தார் மாதிரி, யாருக்கும் எட்டாமல் கன்னியம்மா. ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் அவளைப் பார்த்தபடி நின்றார்கள்.

எங்களோடு தெப்பத்தில் வந்த பச்சையம்மாதான் வாய் திறந்தாள். "இன்னும் ரெண்டு நாள் போனா நாத்து முத்திப்பூடும். எம் புள்ளைங்க சோறு அது. ஆத்தாளை எறக்கி வைங்க. பழைய எடத்துல நிக்கட்டும்."

"கவர்மெண்டு வேலை, கை வெச்சா கேசு" என்றது ஒரு குரல்.

"கேசு வந்தா எம் பேரைச் சொல்லுங்க" என்றார் பாய்.

ஏழுமலை கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேடை வேலைக்கு வந்து அங்கேயே கிடந்த கடப்பாறையை எடுத்தார். சிமெண்ட் அசையவில்லை. கலவையில் சிமெண்ட் கம்மியாகக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று போட வைத்தவர் பாய். நாலு பேர் சேர்ந்து நெம்பினார்கள். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

கன்னியம்மா ஏழுமலையின் கையோடு வந்துவிட்டாள். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் சிமெண்டிலேயே நின்றன.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏழுமலை உடைந்த சிலையை மடியில் கிடத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னமான சிலைக்கு இனிப் பூசை கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். பாய் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு, "காப்பாத்தறேன்னு நானே கொன்னுட்டேனே" என்று அழுதார்.

பச்சையம்மா யாரையும் பார்க்கவில்லை. கடப்பாறையை வாங்கி மேடையின் மேல்கட்டியைப் பெயர்த்தாள். பெண்கள் சேர்ந்து தள்ளினார்கள். பாதங்களோடு அந்தக் கட்டி வேலி வாசல் வழியே கரையில் உருண்டு ஏரிக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் குமிழி வந்தது.

"நனைஞ்சிடுச்சி. மதகைத் தொற ஏழுமலை" என்றாள்.

ஏழுமலை தலையை நிமிர்த்தாமலே, இடுப்பில் செருகியிருந்த மதகுச் சாவியை எடுத்து நீட்டினார்.

மாலை ஐந்து மணிக்கு நான் பஸ்ஸுக்காக நின்றபோது சாலையோர வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பச்சையம்மாவின் நாற்றங்காலுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் சென்னையில் பழைய சிலையைச் சுற்றி நாலு கம்பி நட்டுவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தச் சிலையை நம்பி அங்கே யாரும் நாற்று விடுவதில்லை.

பஸ் வந்தது. பாய் என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வருஷம் எதைப் பாத்து சார் தொறப்போம்?"

கண்டக்டர் விசில் கொடுத்தார்.