வால் வெட்டிய குதிரை

2023 அக்டோபர் 11. கணவன் ஓமுர் செத்து அன்றோடு ஒரு வருடம். பகல் பதினொரு மணிக்கு, நாற்பத்தாறு வயது புர்மகான், வலது மணிக்கட்டு உடைந்த நிலையில், சொந்தக் கொழுந்தனின் கழுத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கோச்கோர் என்ற மலையூரில் அவள் வேலை, கைகால் இழுத்துக்கொண்ட பிள்ளைகளை டோப்சு என்ற மட்டக்குதிரை மேல் உட்காரவைத்து நடத்துவது. அவள் இடுப்புயரம்தான் இருக்கும் அது. அவர்களில் ஐந்து வயது ஜிபெக்கின் விரல்கள் மூடினால் மூடியதுதான். டோப்சுவின் முதுகில் மட்டும் தாமாகத் திறக்கும். போன வாரம் அந்த விரல்கள் குதிரையின் வாலில் சிக்கி, பிள்ளை இழுபட்டு விழுந்தாள். புர்மகான் கத்தரிக்கோலை எடுத்து வாலை ஒட்ட வெட்டிவிட்டாள்.

வினை அதில்தான் வந்தது. அந்த ஊரில் செத்தவன் பெயருக்கு விட்ட குதிரைக்குத்தான் வாலை வெட்டுவார்கள். வருட விருந்தில் அதை அறுப்பார்கள்.

முற்றத்தில் அறுபது விருந்தாளிகள் காத்திருக்க, கொழுந்தன் எர்மெக் கயிறும் கத்தியுமாகக் கொட்டிலுக்குள் நுழைந்தான்.

“நீங்களே வாலை வெட்டிட்டு இப்ப என்ன அண்ணி அழுகை?”

“பிள்ளை கை மாட்டிச்சுன்னு வெட்டினேன்டா. உன் குதிரைய அறுக்க மனசில்ல, என்னோடதுதான் கிடைச்சுதா?”

“ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இத அறுக்கலேன்னா, அண்ணனுக்கு ஆட்டுக்குட்டியா குடுக்கறீங்கன்னு சிரிப்பானுங்க.”

குதிரையின் கால்களில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். டோப்சு கல்தரையில் மோதி விழுந்தது. கயிற்றைப் பிடித்த புர்மகானின் கையை மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தி குதிரையின் கழுத்தில் கோடு கிழித்தது. டோப்சு திரும்பி அவன் முன்கையைக் கவ்வியது. அவள் இடது கையால் இரும்பு முளையை எடுத்து அவன் காதோரம் அடித்தாள். சரிந்தவன் கழுத்தில் முழங்காலை வைத்தாள்.

“விடச் சொல்லுங்க அண்ணி! சதைய பிய்க்குது!”

“கத்திய விடு மொதல்ல.”

விட்டான். அவள் கத்தியோடு நேராக வாசலுக்குப் போனாள். மூன்று குளிர்காலம் பந்தயத்தில் ஜெயித்த எர்மெக்கின் பழுப்புக் குதிரை அங்கே கட்டியிருந்தது. வாலை அக்குளில் இடுக்கி, இடது கையால் அறுத்தாள். அது தொடையில் உதைத்தும் விடவில்லை. மயிர்க்கற்றையை எல்லோர் முன்னாலும் எறிந்தாள்.

“வால் வெட்டின குதிரைதானே கேட்டீங்க? இந்தா, ஓமுருக்கு அவன் தம்பி குடுக்கறது!”

மூத்தவர் ஒருவர் ஆசி சொல்ல, அறுபது பேரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி சொல்லிவிட்டால் அந்தக் குதிரைதான்; அதற்குமேல் மாற்ற முடியாது. காதில் ரத்தம் ஒழுக, எர்மெக்கே தன் குதிரையை அறுத்தான்.

டோப்சுவின் கழுத்தில் பதினொரு தையல். நவம்பர் 6, திங்கட்கிழமை, அது வேலைக்குத் திரும்புகிறது.