ஒஷாவாவுக்குத் திருப்பிக் கொண்டுபோன சாக்கே கோப்பை

சென்ற சனிக்கிழமை ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்குப் போனேன். சம்மந்தி மிச்சிகோ தந்த கோப்பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். நிற்கட்டும் என்றிருந்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகனுக்கும் அவர் மகள் ஏமிக்கும் கலியாணம். நாங்கள் பதினொரு சீர்த்தட்டம் கொண்டுபோனோம். அவர் எனக்குத் தந்தது மரப்பெட்டிக்குள் ஒற்றை மண் கோப்பை. பிடி இல்லை, வாய் கோணல், ஒரு பக்கம் சாம்பல் கொட்டியது போல. சாக்கே என்கிற ஜப்பான் மது குடிக்கிற கோப்பையாம். குடிவாசனையே ஆகாத எனக்கு! அன்று அவர் உடுத்திருந்த சாம்பல் நிறச் சட்டைகூட எனக்கு மறக்கவில்லை. கோப்பையில் உப்புப் போட்டு அடுப்படியில் வைத்தேன். எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இந்த முறை ஏமி கூப்பிட்டபோது உப்பைக் கொட்டி, கழுவி, பெட்டியில் வைத்தேன்.

ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். பத்து மணிக்கு ஏறினேன். முதியோர் கட்டணம் ஐந்து டொலருக்குள் முடிந்தது. சாரதி எங்கள் ஆள்.

"அன்ரி, பெட்டிக்கும் ஒரு சீற்றோ?"

"பெட்டி ஒஷாவாவோட இறங்கியிடும் தம்பி. நான்தான் திரும்பி வருவன்."

ஏமி காரில் வந்து கூட்டிப்போனாள். நான் பெட்டியை மேசையில் வைத்து வாயைத் திறக்குமுன் மிச்சிகோவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அதே மாதிரி இன்னொரு கோணல் கோப்பையைக் கொண்டுவந்தார்.

"அம்மாவின்ர அண்ணை செய்தது, மாமி," என்றாள் ஏமி. "ஜப்பானில பெரிய ஆள். பிடிக்காததையெல்லாம் உடைச்சுப்போடுவார். அந்தச் சூளையில சுட்டதில இரண்டைத்தான் உடைக்காமல் விட்டவர். ஒண்டு உங்களுக்கு. நீங்கள் வருமட்டும் அம்மா தன்ரயில குடிக்கேல்லை."

கலியாணத்தில் நான் மதுக் கிளாஸைத் தள்ளி வைத்ததை அவரும் மறக்கவில்லை. எனக்காகப் பார்லித் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்திருந்தார். குடித்தேன். என் கோப்பையில் அது உப்புக் கரித்தது.

அண்ணையின் முத்திரையைக் காட்ட மிச்சிகோ என் கோப்பையைக் கவிழ்த்தார். முத்திரைக்கு மேலே சிவப்பாக ஒரு 'ப'. கோயில் சமையலுக்கு உப்போடு அனுப்பியபோது மாறிப்போகாமலிருக்க நான் போட்ட நகப்பூச்சு. என் கிடாரம், அகப்பை என்று சமையல் சாமான் எல்லாவற்றிலும் அந்த 'ப' இருக்கிறது. பிடிக்காத பொருளானாலும் தொலைக்க மாட்டேன்.

"உது என்ன எழுத்தெண்டு அம்மா கேக்கிறா."

"பரமேஸ்வரி. என்ர பேர்," என்றேன்.

ஏமி ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னாள். மிச்சிகோவின் கண் கலங்கியது. எழுந்துபோய் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு வந்தார்.

"தன்ரயிலயும் எழுதுவீங்களோ எண்டு கேக்கிறா, மாமி."

அதன் அடியிலும் ஒரு 'ப' எழுதினேன்.

பஸ் தரிப்பில் ஏமியிடம் கேட்டேன்: "நீ என்ன பிள்ளை சொன்னனி?"

"எங்கட ஆக்கள் தங்கட சாமானிலதான் பேர் எழுதுவினம் எண்டு சொன்னன். உங்கட அடுப்படியில கண்ட உப்பை மட்டும் சொல்லேல்லை."

திரும்பும்போதும் அதே சாரதி. "என்ன அன்ரி, பெட்டி இறங்கேல்லையோ?"

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: தரையில் இருக்க முழங்கால் நோ என்றால் கதிரை கேளுங்கள், தருவார்கள். உங்கள் கோப்பைக்கு நீங்களே ஊற்றாதீர்கள். அவருக்கு நீங்களும் உங்களுக்கு அவரும் ஊற்ற வேண்டும். அடியில் மினுக்கம் பூசாத மண்ணில் நகப்பூச்சுப் பட்டால் ஊறிவிடும். வீட்டுக்கு வந்து அந்த 'ப'வைத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. மிச்சிகோவின் கோப்பையிலும் போகாது.