கிராஃபில் ஏறிய அத்தை

சிவப்புக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்... நீலக் குழாயைத் திறந்தால் கொதிக்கும்.

ஷார்ஜாவில் நாங்கள் முன்பு இருந்த பழைய பில்டிங் இப்படித்தான் கண்ணுக்குள் வருகிறது. விடியற்காலை, ஏசியின் உறுமல், மணல் படிந்த பாத்ரூம் ஜன்னலில் மங்கலாக ஒரு வெளிச்சம், உள்ளங்கையில் இரும்பு வாசத்தோடு விழும் சிவப்புக் குழாய்த் தண்ணீர்... பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கும்.

மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கிடந்து காயும். அந்தத் தண்ணீர்தான் நேரே நீலக் குழாய்க்கு வரும். ஹீட்டர் பாத்ரூமுக்குள், நிழலில். அதை அணைத்து வைத்தால் உள்ளே நிற்கிற தண்ணீர் ஆறிவிடும். அதனால் கோடையில் எல்லாம் தலைகீழ்.

இங்கே இருப்பவர்களுக்கு இது தெரியும். ஊரிலிருந்து வந்து இறங்கிய எனக்கு யார் சொன்னார்கள்? முதல் நாளே நீலத்தைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டேன். மருமகள் சுதா காலேஜில் ஃபிசிக்ஸ் நடத்துகிறவள். சூட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் மாமியாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

அந்த வருஷம் சுதா புதிதாக ஒரு கோர்ஸ் ஆரம்பித்திருந்தாள். ஃபிசிக்ஸ் படிக்காத பிள்ளைகளுக்கான ஃபிசிக்ஸ். துணி டிசைன் படிப்பவர்கள், வியாபாரம் படிப்பவர்கள், வீடு கட்டப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில். ஒரு வாரம் தோசைக்கல், ஒரு வாரம் அரபிகளின் பழைய வீட்டுக் காற்றுக் கோபுரம். அடுத்த வாரம் எங்கள் வீட்டு பாத்ரூம்.

அவளுக்கு மேலே இருந்த துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. குழாயும் தோசைக்கல்லும் ஃபிசிக்ஸா என்று கேட்டாராம். திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குச் சரிப்படவில்லை என்றால் கோர்ஸ் கலாஸ். அதோடு சுதாவின் கான்ட்ராக்டும். என் மகனுக்கு அப்போது வேலை போயிருந்த நேரம். சுதாவுக்கும் போனால் எல்லோரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மாணவர்கள் அவரவர் வீட்டில், சுதா எங்கள் வீட்டில், ஒரு வாரம் தினமும் இரண்டு குழாய்த் தண்ணீரின் சூட்டையும் அளந்து எழுத வேண்டும். ஹீட்டர் சுவிட்சில் டேப் ஒட்டி ஏதோ எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாராவாரம் அன்றுதான் எனக்கு எண்ணெய்க் குளியல்.

தெர்மாமீட்டரோடு பாத்ரூமுக்குப் போனவள் அலறினாள்.

"அத்தை! ஹீட்டரை யார் போட்டது?"

"நான்தான். விடியக்காலம் நீலத்துலயும் வெதுவெதுன்னுதான வருது, அதுல எண்ண போகுமா?"

"சுவிட்ச்ல எழுதி ஒட்டியிருந்தேனே!"

"இங்கிலீசுல எழுதி ஒட்டினா எனக்கு என்னத்த தெரியும்? எலக்ட்ரீசியன் ஒட்டினதுன்னு பிச்சுப் போட்டேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பெட்டி கட்டுவதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அழிச்சிட்டு நேத்தைக்கு உள்ளதையே எழுதிரேன்ட்டி. யாரு வந்து பாக்கப் போறா?"

"அளந்ததை அழிச்சிட்டா, அப்புறம் அந்தப் பிள்ளைங்களுக்கு நான் எதைச் சொல்லிக் குடுக்கறது?" என்றாள். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "திங்கட்கிழமை நீங்களும் வாங்க அத்தை."

குற்றவாளி மாதிரி ஆளைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். நிறுத்தினாலும் அழுக்குச் சேலையில் நிற்க மாட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். காலேஜுக்குள் கால் வைத்தது அன்றுதான். கடைசி பெஞ்ச். இருட்டாக்கிய அறை, சுவரில் வெளிச்சம், அதில் சிவப்பாக ஒரு கோடு, நீலமாக ஒரு கோடு. சிவப்புக் கோடு படுத்துக்கொண்டே வந்து வெள்ளிக்கிழமை மட்டும் மலை மாதிரி எழுந்து நின்றது. அது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் ஆளாளுக்கு இங்கிலீஷில் பேசினார்கள். துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் சாயம் ஒட்டிய ஒரு பெண் எழுந்து ஏதோ கேட்டாள். சுதா என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அத்தை."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்! பக்கத்தில் இருந்தவர்களும் எழுதினார்கள். அத்தே, அதாய், அட்டை என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். துறைத் தலைவர் ஏதோ கேட்க, சுதா பதில் சொல்ல, அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்னை வச்சு என்னட்டி சிரிப்பு?"

"டேப் ஒட்டியும் ஹீட்டர் ஓடினதுக்கு என்ன காரணம்னு அந்தப் பொண்ணு கேட்டா. தெர்மாமீட்டர் ரிப்பேர்னு மத்தவங்க சொல்லிட்டிருந்தப்ப, ஹீட்டர் ஓடியிருக்குன்னு அவதான் கண்டுபிடிச்சா. நான் அத்தைன்னு சொன்னதும், அது ஏதோ ஃபிசிக்ஸ் வார்த்தைன்னு எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. சாரும் நம்பிட்டு, அதுக்கு யூனிட் என்னன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"மாமியாரை அளக்கற கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை சார்னேன்."

சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் குலுங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

கோர்ஸ் தப்பியது. புது கான்ட்ராக்டும் வந்தது. அந்தக் காலேஜில் இன்றும் கிராஃபில் காரணம் தெரியாமல் ஒரு மேடு வந்தால் அதற்கு அத்தை என்றுதான் பெயராம். பாகிஸ்தான் பிள்ளையும் சொல்கிறது, எகிப்துப் பிள்ளையும் சொல்கிறது... நான் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போது வேறு பில்டிங். தொட்டித் தண்ணீரையே குளிர வைத்து அனுப்புகிறார்கள். சிவப்பு சுடுகிறது, நீலம் குளிர்கிறது. பேரனுக்குப் பழைய கதையைச் சொன்னால், "ரியலி, பாட்டி?" என்கிறான். கை சுட்ட விஷயத்தில் நான் சுதாவை இன்னும் விடவில்லை. அது வேறு.

ஆனால் இந்த வீட்டில் எந்த சுவிட்சிலும் எதுவும் ஒட்டியிருப்பதில்லை. அது ஒன்றுதான் வெறுமையாக இருக்கிறது. அடுத்த வருஷம் அதே பாடம் வந்தபோது பழைய வீட்டு ஹீட்டர் சுவிட்சில் அவள் ஒட்டிய தாளை என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எனக்காகவே பெரிய பெரிய தமிழ் எழுத்தில்...

"அத்தை, இதைத் தொடாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடறேன்."

வியாழக்கிழமை சாயங்காலமே எடுத்துவிட்டாள்.