கச்சேரிக்குக் கட்டிய தாவணி

"பாப்பாவுக்கு வயசு என்னங்க?"

தஞ்சாவூரில், இசை நிகழ்ச்சி நடக்கும் அரங்கின் வாசலில் கேட்டார்கள். பதினாறுக்குக் கீழே என்றால் பெற்றோருடன்தான் உட்கார வேண்டுமாம். தோழிகளோடு முன்வரிசைக்குப் போகத் துடித்த மகள் என் கையைக் கிள்ளினாள். "பதினாறுன்னு சொல்லும்மா."

நான் சிறுமியாக இருந்தபோது மயிலாடுதுறையில் ஒரு மெல்லிசைக் கச்சேரியிலும் இதே கேள்விதான். பன்னிரண்டுக்குக் கீழே அனுமதியில்லை. எனக்குப் பத்து. அந்துருண்டை வாசனையடித்த அக்காவின் தாவணியை அம்மா எனக்குச் சுற்றி, நான்கு ஊக்கு குத்தி, அப்பாவோடு அனுப்பினார்.

டிக்கெட் கிழிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து எதிர்வீட்டு ஜெசிந்தா அத்தையின் குரல் வந்தது. "தாவணி போட்டாச்சா? புள்ள வயசுக்கு வந்ததைச் சொல்லவே இல்லையேண்ணே?"

அப்பா டிக்கெட்காரரைப் பார்த்தார். "போன வாரந்தாம்மா" என்றார். உள்ளே விட்டுவிட்டார்கள்.

என்ன பாடினார்கள் என்பது மறந்துவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தருகிற உளுந்தங்களியோடு மறுநாள் காலையில் அத்தை வந்து நின்றதும், அம்மா திருதிருவென விழித்ததும், அப்பா கொல்லைப்பக்கம் நழுவியதும் மறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து நிஜமாகவே வயசுக்கு வந்தபோது அத்தை கேட்டார்: "மறுபடியுமாடி?"

மகள் இன்னொரு முறை கிள்ளினாள்.

"பதினாலுங்க" என்றேன்.