நானூற்றுப் பதினைந்து

நான் ஒன்பதாவது வரை படித்தவன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. லைனில் போல்ட் முறுக்கும் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பேன். அளவு சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். தப்பினால் சிவப்பு. கருவி புதுசா பழசா, யார் கொடுத்தது என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. சோதிக்காமல் எதையும் நம்ப மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள்.

என் பெண்ணுக்குப் பதினேழு வயது. மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பாள். போன வருடம் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வர ஆரம்பித்தார். முப்பது வயது இருக்கும். வெளிநாட்டில் இசை படித்தவராம். சனிக்கிழமைதோறும் ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் கோயிலுக்கு வருவார். நாலு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். வயலினுக்கு என் பெண்ணும் பிள்ளைப்பாக்கத்துப் பெண் ஒருத்தியும். பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவுக்கு ஒரு பையன். பியானோவுக்கு முந்தின காலத்துப் பெட்டி ஒன்று, அதற்கு இன்னொரு பெண்.

ஐரோப்பாவில் ஒரு போட்டி. சின்ன வயதுக் குழுக்களுக்கு மட்டும். முந்நூறு வருடத்துக்கு முந்தின பாட்டை அந்தக் காலத்தில் வாசித்த மாதிரியே வாசிக்க வேண்டும். இரும்புக் கம்பி கூடாது. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்புதான் கட்ட வேண்டும். தாடைக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை கூடாது. வில்கூட வேறு மாதிரி வளைந்திருக்கும். முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பினால் போதும். ஆனால் ஒரே தடவையில் வாசித்ததாக இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.

இதற்கெல்லாம் டீச்சர் ஒரு பைசா வாங்கவில்லை. எனக்கு இடித்தது அங்கேதான். எங்கள் பக்கம் நிலம் வாங்க வந்தவர்களும் முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நேராகவே கேட்டேன்.

"எதுக்கு டீச்சர் இவ்ளோ தூரம் வர்றீங்க?"

"எனக்கு நாலு பேர் வேணும்ண்ணா. சென்னையில டியூஷன், என்ட்ரன்ஸுன்னு யாரும் நேரமே தர்றதில்ல. இங்க பசங்க வர்றாங்க."

பதில் சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வயதுக்கு ஆதாரம் கேட்டார். பெண்ணின் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதன் மேலே குறுக்காக, "இந்தப் போட்டிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். டீச்சர் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் ஆட்டோக்காரனையும் விசாரித்தேன்.

"அந்த டீச்சர் வண்டியில இன்னா பேசும்?"

"ஒண்ணியும் பேசாது. காதுல மாட்டிகினு பாட்டு கேட்டுகினு வரும். இன்னா தலைவா, கம்பெனி வேலைய வுட்டு போலீஸ்ல சேந்துட்டியா?"

கேன்டீனில் சொன்னபோது கூட வேலை செய்கிறவன் சிரித்தான். "ஆட்டுக் கொடலுலயா வாசிக்குது உம் பொண்ணு? தோத்துட்டா கவலப்படாத. கொழம்பு வெச்சிடலாம்."

வீடியோ எடுக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதுதான் கடைசி நாள். என் பெண் நாலு மாதமாக இதற்காகவே இருந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூடப் போகவில்லை.

அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். வயலின் பெட்டி கட்டில் மேல் திறந்து கிடந்தது. அவள் முதன்முதலில் கற்றுக்கொண்டபோது, சுருதி பார்க்கும் ஆப் ஒன்றை என் போனில் போட்டிருந்தாள். 'ஏ' கம்பி நானூற்று நாற்பது இருக்கணும்பா என்று அப்போது சொல்லியிருந்தாள். எண் எனக்கு மறக்காது. போனைப் பக்கத்தில் வைத்து அந்த 'ஏ' நரம்பைத் தட்டினேன். நானூற்றுப் பதினைந்து.

ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. இருபத்தைந்து குறைவு. எங்கள் இடத்தில் இது சிவப்பு ஸ்டிக்கர். சும்மா வரும் டீச்சர், பழுதான சாமான், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். என் பெண்ணைக் கேட்டிருக்கலாம். டீச்சர் சொன்னதைத்தான் அவளும் சொல்வாள் என்று கேட்கவில்லை.

மேலே இருக்கும் மர முளைகளைத் திருகினேன். மூன்று நரம்பு ஏறின. நாலாவது இருப்பதிலேயே மெல்லியது. கொஞ்சம்தான் திருகினேன். டப்பென்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது.

பெட்டியை மூடினேன். குளித்துவிட்டு வந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாப்பா கன்னத்துல?"

"ஷேவிங் பண்ணும்போது கிழிச்சிகிச்சி."

சொல்லத்தான் நினைத்தேன். மட்டமான நரம்பு என்று டீச்சர் வாயாலேயே வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பூசை நேரத்தில் பெட்டிகள் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருந்தன. பிரசங்கத்தின்போது பிள்ளைப்பாக்கத்துப் பெண் பாட்டுப் புத்தகம் எடுக்க அந்த அறைக்குப் போய் வந்தாள். பூசை முடிந்து பெட்டியைத் திறந்ததும் என் பெண் கத்தினாள்.

"நீதானடி உள்ள போன?"

"பொஸ்தகம் எடுக்கப் போனேன். உன் பொட்டிய நான் தொடவே இல்ல!"

"எனக்கு ஃபர்ஸ்ட் பார்ட் குடுத்தாங்கன்னு ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தியே."

டீச்சர் மிச்சம் இருந்த மூன்று நரம்பையும் தட்டிப் பார்த்தார். போன் எதுவும் பார்க்கவில்லை. காதுதான்.

"இது தானா அறுந்தது இல்ல. மத்ததும் ஏறியிருக்கு. யாரோ முறுக்கியிருக்காங்க."

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே தன் வயலினைப் பெட்டியில் வைத்தாள். "நான் வாசிக்கல. வேற ஆளப் பாத்துக்கோங்க." நாலு பேர் பெயரும் ஏற்கெனவே போட்டிக்குப் போய்விட்டது. ஒருத்தி போனால் நாலு மாதமும் போச்சு. நான் வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும்.

"இரும்மா. நான்தான் திருகினேன்."

"ப்பா!"

டீச்சர் என் கன்னத்தைப் பார்த்தார். "ஏன்ணா?"

"நானூத்தி நாப்பது இருக்கணும். நானூத்திப் பதினஞ்சு காட்டிச்சி."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் காலத்துச் சுருதி கம்மிண்ணா. இவங்க கேக்குறதே அதுதான்."

"அது எழுத்துல கீதா?"

எனக்கு அப்போதும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. டீச்சர் போனைத் திறந்து போட்டியின் விதிகளைக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் 415 என்று இருந்தது. எண் எனக்குப் படிக்கத் தெரியும்.

வேறு நரம்பு இல்லை. வாங்கி வைத்திருந்த மிச்ச இரண்டும் எங்கள் ஊர் வெக்கையில் முன்பே அறுந்திருந்தன. இது மேல் முனையில் அறுந்திருந்ததால், கீழ் முனையில் பழைய நரம்புத் துண்டு ஒன்றைக் கட்டி நீட்டினால் எட்டும் என்றார் டீச்சர். அவர் போட்ட முடிச்சு வழுக்கியது. ஏரியில் தூண்டில் கட்டிய பழக்கத்தில் நான் ஒரு முடிச்சுப் போட்டேன். வழுக்கவில்லை. முளையை மட்டும் டீச்சரே திருகினார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். முதல் தடவை பாதியில் வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை நரம்பு இறங்கிவிட்டது என்று டீச்சர் நிறுத்தினார். மூன்றாம் தடவை கடைசி வரை போனார்கள். பிள்ளைப்பாக்கத்துப் பெண் என் பெண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசித்தாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் அழுவுற வரைக்கும் பாத்துகினே நின்னீங்க."

"ஆமாம்மா."



முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. மெயில் வந்த சனிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். "அந்த நரம்பாலயா டீச்சர்?"

"காரணம் எதுவும் எழுதலண்ணா."

மெயிலைக் காட்டச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் சொன்னதை இன்றுவரை முழுசாக நம்பவும் இல்லை.

இந்த வருடமும் அனுப்புகிறார்கள். அதே நாலு பேர். ஜெராக்ஸ் மேல் குறுக்காக எழுதித்தான் கொடுத்தேன். என் பெண்ணின் வயலின் பெட்டி மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. 415, அங்கிள் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணின் கையெழுத்து.

நான் தொடுவதில்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லாவிட்டால் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். போனை உள்ளங்கையில் வைத்திருப்பேன். போன வாரம் அவர்கள் சுருதி சேர்த்தபோது பார்த்தேன். நானூற்றுப் பதினாலு காட்டியது.

ஒன்று குறைவு. யாரிடமும் சொல்லவில்லை.